உள்ளங்கையில் எழுதிய டாலர்

ஒரு சிங்கப்பூர் டாலர் முப்பத்துமூன்று ரூபாயாக இருந்தபோது என் வீட்டுக்காரர் விமானம் ஏறினார். மகள் அப்போது கைக்குழந்தை. இன்றைக்கு அவள் பிளஸ் டூ படிக்கிறாள், டாலர் எழுபதை முட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் நடந்ததை வருஷம் வைத்துச் சொல்ல எனக்கு வராது. வீட்டுக்குக் கடைக்கால் போட்டது நாற்பத்தெட்டில். மாமனார் தவறியது ஐம்பத்தொன்றில். கொரோனாவில் அவர் வர முடியாமல் அங்கேயே அடைந்து கிடந்தது ஐம்பத்துநாலில். இப்படித்தான் சொல்வேன், கேட்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவர் போன நாளிலிருந்து வேலை செய்கிறேன். பக்கத்துக் கடை வெளிநாட்டுப் பணம் மாற்றுகிற கடை. வாசலில் ஒரு கரும்பலகை, காலையில் சாக்பீஸால் அன்றைய ரேட்டை எழுதிவிடுவார்கள். சாயந்திரம் கிளம்பும்போது அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வேன். சீட்டு என்றால் தொலைத்துவிடுவேன், கையை எங்கே தொலைப்பது?

ஊருக்குப் போகிற பஸ்ஸில் இருக்கும்போது அவர் போன் வரும். எடுத்ததும் முதல் வார்த்தை, "இன்னா ரேட்டு?" சாப்பிட்டாயா, பாப்பா எப்படி இருக்கிறாள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பணம் அனுப்புகிற கடைக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைதான் போக முடியும். மற்ற நாட்களில் நான்தான் அவருக்குக் கரும்பலகை.

"பொண்டாட்டிகிட்ட பேசறதுக்குப் போன் பண்றீங்களா, பேங்குக்குப் பண்றீங்களா?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்தார்.

"ரேட்டு ஏறினாத்தான நான் சீக்கிரம் வர முடியும்? அம்பதைத் தொடட்டும். இங்க வர்றதுக்கு வாங்கின கடன் முடிஞ்சிடும். வேலை பர்மிட்டைப் புதுப்பிக்காம வந்துடுறேன்."

அன்றோடு என் கோபம் போயே போச்சு. டாலர் ஏற வேண்டும் என்று ரிஷிவந்தியம் கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தேன். யார் பெயருக்கு என்று அர்ச்சகர் கேட்டார். டாலர் பெயருக்கு என்றா சொல்வது? என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன்.

ஒரு ஆவணி மாதம் ரூபாய் மளமளவென்று சரிந்தது. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. ஒரு நாள் காலையில் பலகையில் ஐம்பது. வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாம் அந்தக் கடை வாசலில் கூடிவிட்டார்கள். அறுபது வரைக்கும் போகும் என்றார் ஒருவர். எங்கள் ஜெராக்ஸ் கடை முதலாளி அண்ணன் வேறு, "இப்ப பணத்தை மாத்தறவன் முட்டாளும்மா, ஏறிக்கினே போவுது பாரு" என்றார்.

என் பிறந்த வீடு மரவள்ளி போடுகிற வீடு. ஜவ்வரிசி மில்லில் விலை இல்லையென்றால் நாங்கள் கிழங்கைப் பிடுங்க மாட்டோம். மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டுவைப்போம், விலை ஏறியதும் பிடுங்குவோம். அளவுக்கு மீறி விட்டால் நார் ஓடிவிடும், மில்காரன் தொடமாட்டான். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்!

அன்றைக்குப் போன் வந்ததும், "அம்பதுங்க!" என்று கத்தினேன்.

"அப்ப வந்துடட்டுமா? சனிக்கெழமைக்குள்ள பர்மிட்டுக்குக் கையெழுத்துப் போடறியா இல்லியான்னு சூப்பர்வைசர் கேக்கறாரு."

"அவசரப்படாதீங்க. இன்னும் ஏறுமாம். ஒரே ஒரு வருஷம் இருந்தீங்கன்னா வூடு கட்டிடலாம்."

"அப்படின்றியா?"

"ஆமாங்க."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

ஐம்பத்துமூன்று வரைக்கும் ஏறியது. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். அப்புறம் இறங்க ஆரம்பித்துப் பொங்கலுக்கு ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டது. இறங்கிவிட்டதே, ஈடுகட்ட வேண்டும் என்று இன்னொரு வருஷம் இருந்தார். மறுபடி ஏறியபோது, ஏறுகிற நேரத்தில் எப்படி வருவது என்றார். ஏறினாலும் இருக்க வேண்டும், இறங்கினாலும் இருக்க வேண்டும். டாலர் ஏறினால் இங்கே கம்பியும் பவுனும் சும்மா இருக்குமா, அதுவும் கூடவே ஏறிக்கொண்டது.

வீடு கட்டியாயிற்று. மொட்டை மாடியில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஒரு மாத லீவில் வருகிறவர் அதை எத்தனை நாள் பார்த்திருப்பார்? சாயந்திரம் ஒரு டம்ளர் டீயோடு அவர் அந்த மாடியில் உட்கார வேண்டும். ரேட்டைப் பற்றிப் பேசாமல், எங்கள் ரெண்டு பேர் முழங்காலும் வலிக்கிறதைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

இப்போது கரும்பலகை போய்ச் சிவப்பு எழுத்து ஓடுகிற பலகை வந்துவிட்டது. அவர் செல்போனிலேயே எனக்கு முன்னால் ரேட்டு தெரிந்துவிடுகிறது. ஆனாலும் கேட்கிறார், நானும் கையில் எழுதிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன்.

போன வாரம் பஸ்ஸில் போன் வந்தது. "இன்னா ரேட்டு?"

ரேட்டைச் சொல்லாமல், மனசுக்குள் இத்தனை வருஷமாகக் கிடந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு அம்பது தொட்டுச்சே, அப்ப வந்துடுங்கன்னு சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

"பொட்டி வாங்கி வச்சிட்டுத்தான் உனுக்குப் போன் பண்ணேன்," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். "கட்டிலுக்கு அடியிலதான் இருக்குது. புதுசு மாதிரியே இருக்குது."

ஆளோடு ஆளாக உட்கார்ந்திருக்கிற பஸ் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"அதை எடுத்து வெளிய வைங்க. வந்துடுங்க," என்றேன்.

அவர், "ரேட்டு இன்னான்னு நீ சொல்லவே இல்லியே" என்றார்.

கையை விரித்துப் பார்த்தேன். கண்ணைத் துடைத்ததில் எண் அழிந்துபோயிருந்தது.

"தெரியலீங்க," என்றேன். "வந்துடுங்க."