இயோனி சுமந்த பொட்டலங்கள்

கரீபியக் கடலிலுள்ள எங்கள் கரியாகூ தீவில் இயோனியைப் போல் நூறு தீவு சுற்றிய பெண் கிடையாது. நூறு என்பதில் என் கைச்சரக்கும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

கொரியாவில் ஆசிரியை வேலை கிடைத்ததும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தெரியாத முகத்தைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் அவளுக்கு. அந்நிய ஊரில் பேசிப் பிழைக்க முடியுமா என்று தன்னையே சோதித்துப் பார்க்க, முதுகுப்பையோடு தீவுகளைச் சுற்றக் கிளம்பினாள். படகுத்துறையில் அதை வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. பக்கத்துத் தீவுக்குப் போகிறவரை நாங்கள் வெறுங்கையோடு விடமாட்டோம்.

"யூனியன் தீவுக்கா போற? என் தங்கச்சிக்கு இந்தக் கருவாட்டைக் கொடுத்துடு, கண்ணு" என்று ஆரம்பித்து வைத்தவள் நான்தான்.

அவள் கருவாட்டை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடினாள். தங்கச்சி துரத்திப் பிடித்துச் சோறு போட்டு, பெக்கியா தீவிலிருக்கும் தன் சம்பந்திக்குச் சீமைப்பலா கொடுத்தனுப்பினாள். சம்பந்தி இன்னொரு தீவுக்குக் கேக் கட்டிக் கொடுத்தாள். கடலில் கால் நனைக்கக்கூட இயோனிக்கு நேரமில்லை. போன வீட்டிலெல்லாம் அவள் வாயால் எங்கள் ஊர்க்கதையைச் சொல்லவைத்த பிறகுதான் விட்டார்கள்.

நேற்று அவளைக் கொரியாவுக்கு வழியனுப்பும் விருந்தில் நான் பெருமையாகச் சொன்னேன்: "கடைசித் தீவுல கதவை இடிச்சு, 'யாரு உள்ள?'ன்னு அதட்டினாளாம்!"

இயோனி சிரித்தாள். "புளுகாதீங்க ஆன்ட்டி. நான் கதவைத் தட்டவே இல்ல. வாசல்ல நின்னு மெதுவா 'குட் ஈவினிங்' சொன்னேன். அவங்க வர்ற வரைக்கும் ஓடாம நின்னேன், அவ்ளோதான்."