கொல்லைப்புறத்தில் ஓர் அரசாங்க மரம்

அரசாங்கத்தைப் பற்றி என் கொள்கை ரொம்பச் சின்னது. வேலி வரைக்கும் அது ஆளட்டும், வேலிக்குள்ளே நான் பார்த்துக்கொள்கிறேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரருக்கு இது காதிலேயே ஏறாது. ரப்பர் ஸ்டாம்பைக் கண்டாலே விறைப்பாக நின்றுவிடுவார்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் குளியலறை, கக்கூஸ் எல்லாம் மாடியில். முழங்கால் தேய்ந்துபோன எனக்கு ஒவ்வொரு தடவையும் அது சஞ்சீவி மலை. கொல்லையில் கிணற்றடி ஓரமாகக் கீழேயே ஒன்று கட்டிவிடலாம் என்று முடிவுசெய்தோம். அந்த இடத்தில் ஒரு மரம் நின்றது. நாங்கள் நட்டதல்ல, ஏதோ பறவை போட்ட எச்சத்தில் முளைத்தது. வெட்ட வந்த ஆள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இது சந்தனம்லா" என்றார்.

"இருக்கட்டும், வெட்டுங்க" என்றேன் நான்.

"ஏட்டி, சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார் இவர். மறுநாளே இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி வனத்துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு வந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அதிகாரிகள் வந்து மரத்தை டேப் வைத்து அளந்தார்கள், பெயின்டால் நம்பர் போட்டார்கள். மண் எங்களுடையது, ஊற்றுகிற தண்ணீரும் எங்களுடையது. வெட்ட மட்டும் மாநில அரசு அனுமதிக்க வேண்டும். காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியது மறுபடி நாங்கள். கேட்காமலே மிக்ஸியும் மின்விசிறியும் தந்த அரசாங்கம், கேட்ட அனுமதியை மட்டும் தரவில்லை. எல்லையில் காவல் நின்ற மனிதர் கிணற்றடியில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். நான் மாடி ஏறினேன்.

சேத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினால் மரத்தைக் காணோம், அடிக்கட்டைதான் மிச்சம். மறைப்பானேன், எனக்குச் சந்தோஷம். திருடன் கையில் கிடைத்திருந்தால் காபி போட்டுக் கொடுத்திருப்பேன். இவரோ நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் நடந்ததைச் சொன்னார். "வித்துட்டு வந்து கதை சொல்லுதீரோ?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை.

பிறகு விசாரணை, மறுபடி விசாரணை. ஒவ்வொரு முறையும் அதே மரியாதையோடு சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். விசாரணை முடியும்வரை அடிக்கட்டையைத் தொடக் கூடாது என்று உத்தரவு. ஆக, மரம் போன பிறகும் நான் மாடி ஏறுகிறேன்.

போன மழைக்குச் சுற்றுச்சுவர் ஓரம் ஒரு கன்று தலை நீட்டியது. இலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இவர் அக்கம்பக்கம் பார்த்தார். குனிந்து வேரோடு பிடுங்கி, கசக்கிச் சாக்கடையில் போட்டார்.

"என்ன செடிங்க அது?"

"ஏதோ களைட்டி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒருவழியாக என் கட்சிக்கு வந்துவிட்டார் என்று நான் சிரித்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை அந்த மனுஷன்.