பெட்டிக்குள் இருந்த மாஸ்டர்

வாப்பாவுக்குப் புதுச் சாமான் என்றால் பைத்தியம். கண்டியில் எந்தப் புதினமான பொருள் வந்தாலும் அதை இரண்டாவது ஆளாக வாங்கிவிட வேண்டும் அவருக்கு. முதல் ஆளாக வாங்கினால் ஊர் சிரிக்கும், மூன்றாவது ஆளாக வாங்கினால் மதிப்பில்லை என்பது அவருடைய கணக்கு. கையால் சுற்றும் கிராமபோன் அப்படித்தான் வந்தது. மின்விசிறியும் அப்படித்தான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது அவருடைய வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அதில் வாப்பா றேடியோவைப் பிடித்துக்கொண்டு வந்தார். மடியில் வைத்தபடி வாடகைக் காரில் வந்து இறங்கியதைப் பார்த்தவர்கள், ஏதோ மருமகனை அழைத்து வருகிறார் என்று கேலி செய்தார்கள்.

எங்கள் வீட்டின் முன்பக்கம் வாப்பாவின் புடவைக் கடை. அதற்குப் பின்னால் ஆண்கள் வந்து உட்காரும் ஹோல். ஹோலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் ஒரு திரை. றேடியோ ஹோலில்தான் வைக்கப்பட்டது. மாலையானால் வாப்பாவும் கூட்டாளிகளும் அதைச் சுற்றி உட்காருவார்கள், நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம் பாயில் இருந்து கேட்போம். மழை பெய்தால் பெட்டிக்குள்ளும் மழை பெய்யும், ஒன்றும் விளங்காது. ஆனாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

பெட்டியில் ஆம்பிளைக் குரல் வந்தால் உம்மா சட்டென்று முக்காட்டை இழுத்துவிடுவார். பெண் குரல் வந்தால் தளர்த்திவிடுவார். செய்தியும் பாட்டும் மாறி மாறி வரும் நாட்களில் உம்மாவின் கைக்கு ஓய்வே இருக்காது. பெட்டிக்குள் பேசுபவரால் நம்மைப் பார்க்க முடியாது உம்மா என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் பார்க்கிறாரோ இல்லையோ, நான் கேட்கிறேன்தானே என்றார்.

நான் வயதுக்கு வந்து குமரானது அடுத்த வருஷம். அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எல்லாக் குமர்ப்பிள்ளைகளுக்கும் அதுதான் வழக்கம், எனக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை. ஆனாலும் நெஞ்சு கேட்கவில்லை. என் புத்தகங்களை உம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டியபோது வீட்டில் கிடத்திய மய்யித்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன். படித்த இங்கிலீஷ் நாளுக்கு நாள் உதிர்ந்து போய்விடும் என்ற பயம் எனக்கு. சமைக்கும்போதும் கூட்டும்போதும் நாடுகளின் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் ஒரு நாட்டின் தலைநகரம் நினைவுக்கு வராமல் பருப்பை அடிப்பிடிக்க விட்டு அழுதேன்.

எங்கள் வகுப்பு மிஸ் ஒரு பறங்கிப் பெண். தொப்பியும் குடையுமாக ஒரு நாள் வீடு தேடி வந்துவிட்டார். வாப்பாவுக்கு அந்நியப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தே பேசினார். மிஸ்ஸுக்குத் தமிழ் வராது. ஆகவே நடுவில் நின்று மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வந்தது. இவளை இன்னும் இரண்டு வருஷமாவது அனுப்புங்கள், நன்றாகப் படிக்கிறாள் என்று மிஸ் சொன்னதை நானே வாப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அனுப்ப வழியில்லை, எங்கள் வழக்கம் அப்படி என்று வாப்பா சொன்னதையும் நானே மிஸ்ஸுக்கு இங்கிலீஷில் சொன்னேன். ஒரு பிழை இல்லாமல் சொன்னேன். மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போகும்போது றேடியோவைக் கண்டு நின்றார். காலையில் கொழும்பிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று பாடம் சொல்கிறார்கள், அதையாவது கேள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

உலகத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவர் வாப்பா. என்னை வெளியே விடத்தான் அவருக்கு மனமில்லை. காலையில் அவர் கடையில் இருப்பார், பெட்டியை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. நான் உம்மாவிடம் போய் நின்றேன். உம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. சொல்பவர் ஆம்பிளையா என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் பகல் வாப்பா சாப்பிட உட்கார்ந்ததும் உம்மாவே பேச்சை எடுத்தார். வீட்டில் பயான் வைத்தால் ஆலிம் ஹோலில் இருந்து மார்க்கம் சொல்கிறார், நாங்கள் திரைக்குப் பின்னால் இருந்து கேட்கிறோம், அதைக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, இதுவும் அப்படித்தானே என்றார். வாப்பாவின் கை பீங்கானில் அப்படியே நின்றது. தன் பெட்டியைக் கொண்டே தன்னை மடக்குவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டார், ஆனால் இரண்டு நிபந்தனை போட்டார். குமிழை உம்மாதான் திருக வேண்டும். ஊரில் நாலு பேர் கதைக்கும்படி ஆனால், அத்தோடு பாடம் நிற்கும்.

அப்படித்தான் எனக்குப் பள்ளிக்கூடம் மறுபடி திறந்தது. உம்மா வேலையை ஒதுக்கிவைத்து, முக்காட்டைச் சரிசெய்து, ஹோலுக்குப் போய்க் குமிழைத் திருகிவிட்டு உள்ளே ஓடிவருவார். இங்கிலீஷில் பாடம் சொல்லும் மாஸ்டரின் குரல் கனமான குரல், நடுவில் இருமுவார். முதல் நாள் அவர் இருமியதும் உம்மா எழுந்துபோய் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். பயான் சொல்ல வரும் ஆலிமுக்குக் கொடுப்பதுபோலவே கோப்பையைத் திரை இடுக்கால் நீட்டினார். வாங்க அந்தப் பக்கம் யாருமில்லை. நீட்டிய கையோடு உம்மா திரும்பி என்னைப் பார்த்தார். இருவரும் சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அதை நான்தான் குடித்தேன்.

மாஸ்டர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கும், மீதியை ஊகித்துக்கொள்வேன். கேள்வி கேட்க முடியாதது ஒன்றுதான் குறை. ஆனாலும் உதிர்ந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்த மாதங்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

ஒரு நாள் பாடம் தொடங்கிய கையோடு கம்பளையிலிருந்து மூன்று பெண்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். பசையுள்ள குடும்பம், அவர்களுடைய மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பின்வாசலால் உள்ளே வந்ததுமே மாஸ்டரின் குரலைக் கேட்டு மூவரும் முக்காட்டைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் யாரோ ஆம்பிளை இருக்கிறாரா என்று மூத்தவர் கேட்டார். உம்மா போய்க் குமிழைத் திருகினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அவர் அதைத்தான் செய்யப்போகிறார் என்று நானும் எழுந்துவிட்டேன்.

உம்மா என் தோளைப் பிடித்து மறுபடி பாயில் உட்காரவைத்தார். "அது மகள்ட பாடம். முடியட்டும், கொஞ்சம் இரிங்கோ" என்றார் அவர்களிடம்.

இருந்தார்கள். ஒரு சொல்லும் விளங்காத இங்கிலீஷைக் கேட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்த பெண்கள் மூவரும் வரிசையாக இருந்தார்கள். அன்று மாஸ்டர் மழைக்காற்று எந்தத் திசையால் வருகிறது என்று சொன்னார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. என் காது அவர்கள் பக்கமே இருந்தது. பாடம் முடிந்த பிறகுதான் உம்மா பெட்டியை நிறுத்தி, அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். அவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கதை பரவ அதிக நாள் எடுக்கவில்லை. பகல் சாப்பாட்டுக்கு வந்த வாப்பாவின் முகத்தைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. கடைக்கு வந்தவர்களே கேட்டிருக்கிறார்கள், உன் வீட்டில் குமருக்கு ஆம்பிளை வந்து பாடம் சொல்லித் தருகிறானாமே என்று. கம்பளைச் சம்பந்தமும் வேண்டாம் என்று செய்தி வந்திருந்தது. நான் கதவோரம் நின்றேன். என் படிப்பு இரண்டாம் முறையும் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வந்தவர்களைக் காக்கவைத்தது உண்மையா என்று வாப்பா கேட்டார். உம்மா மறைக்கவில்லை.

"நான்தான் இரிக்கச் சென்னன். எனக்கு ஆரும் ஒரு எழுத்துச் செல்லித் தரல்ல. மகளுக்குக் கெடச்சத நான் எப்பிடி நடுவால நிப்பாட்டுற?"

உம்மா அப்படிப் பேசி நானும் கேட்டதில்லை, வாப்பாவும் கேட்டிருக்க மாட்டார். அழவுமில்லை, கோபப்படவுமில்லை, சோற்றை அள்ளி அவருடைய பீங்கானில் வைத்தபடியே சொன்னார். வாப்பா நெடுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி, கதவோரம் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கு என்ன பாடம் மகள்?"

பூகோளம் வாப்பா என்றேன். எந்த மொழியில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.