மூன்றாவது முடிச்சுக்கு முன்

விருதுநகரில் தோல் டாக்டரின் கிளினிக். பருத்தழும்புக் குழிகளில் நுண் ஊசியால் குத்தும் சிகிச்சைக்கு மூன்றாம் முறையாகக் காத்திருந்தேன். பக்கத்தில் முப்பது வயதுப் பெண் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கன்னத்துக் குழிகளின்மேல் புதிதாகக் கறுப்புத் திட்டுகள். முகத்தில் விழுந்த முடியை மணிக்கட்டால்தான் ஒதுக்கினார். பட்டாசு மருந்து தொடும் கைகளின் பழக்கம் அது.

“எம்புட்டு நாளைக்கு ஒருக்க வாரீக அக்கா?” என்று என்னிடம் கேட்டார்.

“ஆறு வாரத்துக்கு ஒருக்க.”

“அம்புட்டு நாளா! நான் ஊசி ரோலர் வாங்கி வீட்லயே வாரம் ரெண்டு தடவ, ரத்தம் வர உருட்டிட்டேன். அடுத்த மாசம் தம்பி கல்யாணம். மூணாவது முடிச்சு நான்தான் போடணும். அம்புட்டு பேரும் என் மூஞ்சியத்தானே பாப்பாக?”

உள்ளே போனவர் கண் கலங்கித் திரும்பினார். திட்டுகள் மறையும்வரை ஊசியே கூடாது, பிறகும் மென்மையாகத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கல்யாணத்துக்குள் நடக்காது.

சட்டென்று சிரித்தார். “கம்பி மத்தாப்ப ஒரு தடவ மருந்துல முக்கினா, அது காஞ்சப்பறம்தான் அடுத்த முக்கு. அவசரப்படுற பிள்ளைகள கம்பெனில நான்தான் வைவேன். என் மூஞ்சின்னதும் எனக்கே பொறுக்கல பாருங்க.”

“கல்யாணத்துல என்ன செய்வீங்க?”

மணிக்கட்டால் முடியை ஒதுக்கிக்கொண்டே எழுந்து போய்விட்டார். அடுத்த மாத முகூர்த்தங்களில் நான் போன கல்யாணங்களில் எல்லாம், மணமக்களை விட்டுவிட்டு, பின்னால் குனிந்து முடிச்சுப் போடும் பெண்ணின் முகத்தையே தேடினேன்.