ரெண்டரை நிமிஷ நாத்திகன்

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இருபத்திரண்டு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் எல்லோரோடும் சேர்ந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் யாரிடமும் பேசவில்லை என்பது பாதி ஜெபத்தில் தெரிந்தது. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் நடந்தது. அழவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை விட்டேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தோலை விரித்துப் போட்டு, கீறல் எங்கே, உண்ணி கடித்த தழும்பு எங்கே என்று பார்த்து, நல்ல இடத்தில் வெட்டச் சொல்வது என் வேலை. கம்பெனியில் ஆயுத பூஜை அன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசுவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் முதலாளியிலிருந்து லோடுமேன் வரை பாதிப்பேர் தொழுகைக்குப் போவார்கள். டிசம்பரில் ஒரு நாள் கேக் வெட்டி ஜெபம் நடக்கும். மூன்றிலும் நான் ஓரமாக நிற்பேன். பொரியும் தின்பேன், பிரியாணியும் தின்பேன், கேக்கும் தின்பேன். "அவரு ஒரு மாதிரி" என்பார்கள். அதோடு சரி.

வீட்டிலும் அப்படித்தான். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு நம்பிக்கை உண்டு, பைபிள் இல்லாமல் தூங்க மாட்டாள். ஞாயிறு காலை அவளை ஸ்கூட்டரில் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு எதிர்க் கடையில் டீ குடிப்பேன். ஆராதனை முடிந்ததும் கூட்டிக்கொண்டு வருவேன். கல்யாணமானதிலிருந்து இதுதான் வழக்கம். ஆயர் வெளியே வந்தால் "டீ ஆச்சா அண்ணே?" என்பார். "ஆச்சு ஆயரே, பிரசங்கம் ஆச்சா?" என்பேன். சிரிப்பார்.

இந்த நிலைமையில் ஒரு யூடியூப் சேனலிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கம்பெனியில் யாரோ நம்பர் கொடுத்திருக்கிறார்கள். "சார், நாத்திகம்னாலே இந்துக்களுக்கு எதிரானதுன்னு மக்கள் நினைக்கிறாங்க. கிறிஸ்தவக் குடும்பத்துல பொறந்து சாமி இல்லன்னு சொல்றவங்களை மீடியால காட்டுறதே இல்ல. நீங்க பேசணும்" என்றாள்.

அது நியாயமாகப் பட்டது. டிவியில் நாத்திகன் என்றால் நான்கு கட்டத்தில் ஒரு கட்டம். கறுப்புச் சட்டை, உயர்த்திய குரல். எதிர்க் கட்டத்தில் ஒரு சாமியார். நடுவில் இருக்கிறவன் இரண்டு பேரையும் கத்தவிட்டு விளம்பர இடைவேளை சொல்வான். மனைவியை சர்ச்சில் இறக்கிவிட்டு டீ குடிக்கிற நாத்திகனை யாருக்கும் தெரியாது. சரி, தெரியட்டும் என்று நினைத்தேன். அப்போது என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். முட்டாள்தனம்.

அந்தப் பெண் ஒரு கேமராக்காரரோடு வந்தாள். வந்ததும் முதல் கேள்வி:

"சார், கறுப்புச் சட்டை இருக்கா?"

"இல்ல. எதுக்கு?"

"பார்த்ததும் புரியணும்ல."

"இன்னா புரியணும்? நான் பேசினா புரியாதா?"

நீலச் சட்டையோடுதான் நின்றேன். வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று தெருவுக்குக் கூட்டிப் போனார்கள். இந்தப் பக்கம் வாங்க, அந்தப் பக்கம் வாங்க என்று நகர்த்தி நிற்கவைத்த இடத்தில், என் தலைக்குப் பின்னால் சர்ச் கோபுரம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. உண்ணித் தழும்பைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குக் கோபுரம் தெரியவில்லை.

"எந்தச் சம்பவத்தால சார் உங்களுக்கு நம்பிக்கை போச்சு?"

"சம்பவம் ஒண்ணும் இல்லம்மா."

"சின்ன வயசுல பாதர் யாராச்சும் உங்களை…"

"எங்களுக்கு ஃபாதர் கிடையாது, ஆயர்தான். அவரு எனக்குக் கடலை மிட்டாய்தான் வாங்கிக் குடுத்தாரு. வேற கேளு."

முக்கால் மணி நேரம் பேசினேன். மெஷினுக்குச் சந்தனம் பூசிவிட்டு மறுநாள் கையைக் காக்கிற சேஃப்டி தடுப்பைக் கழற்றிப்போட்டு ஓட்டுகிறதைச் சொன்னேன். காய்ச்சலில் கிடக்கிற குழந்தைக்குத் தர்காவில் கயிறு ஓதிக் கட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் கழித்து வருகிறதைச் சொன்னேன். கர்த்தர் விசா வாங்கிக் கொடுத்தார் என்று சர்ச்சில் சாட்சி சொல்கிறதைச் சொன்னேன். கடைசியில், "என் பொண்டாட்டி நம்புறா. நான் நம்பல. ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுறோம். அதையும் போடுங்க" என்றேன். "சூப்பர் சார்" என்றாள்.

மகளின் கல்யாணம் சர்ச்சில்தான். அவள் நம்புகிறாளா இல்லையா என்று நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை வீடு ஆற்காடு. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இரண்டு பேருடைய சர்ச்சிலும் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று சபைக்கு முன்னால் அறிவிப்பார்கள். மூன்றும் வாசித்தால்தான் சர்ச் கல்யாணம். முதல் ஓலை இரண்டு இடத்திலும் வாசித்தாயிற்று. அந்த வியாழக்கிழமை வீடியோ வந்தது.

ரெண்டரை நிமிஷம். சந்தனம் இல்லை, கயிறு இல்லை, மனைவி இல்லை. சர்ச்சைப் பற்றிப் பேசியது மட்டும் இருந்தது. பின்னால் கோபுரம். அட்டைப் படத்தில் என் வாய் திறந்திருக்க, என்னைச் சுற்றி நெருப்பு. 'ஏசு இல்லை! கிழித்துத் தொங்கவிட்ட கிறிஸ்தவர்! வாயடைத்த பாதிரிகள்!' நான் யாரையும் கிழிக்கவில்லை. ஆயருக்கு விஷயமே தெரியாது. அவர் எப்படி வாயடைப்பார்?

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"எடிட்டிங்ல பண்ணது சார். நான் முழுசாத்தான் குடுத்தேன்."

"முழுசா போடு. இல்லன்னா எடுத்துடு."

"பார்ட் டூல வரும் சார். நல்லா போவுது சார், வியூஸ் ஜாஸ்தி."

இரண்டாம் பாகம் வரவே இல்லை. அப்புறம் அவள் போனையே எடுக்கவில்லை.

மறுநாள் கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "வாழ்த்துகள் ஜி. தாய் மதத்துக்கு வந்துட்டீங்க."

"எந்த மதத்துக்கும் வரலடா. உன் சாமியும் இல்லன்னுதான் சொன்னேன். அதை வெட்டிட்டானுங்க."

"பரவால்ல ஜி. முதல் படி."

அவனை அறையலாம் போல இருந்தது. தோல் வெட்டும் பிரஸ் ஓட்டுகிற பாய் என் பழைய தோஸ்த். டீ இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னா அண்ணே, கயிறு கட்டுறதையும்தான் எங்ககிட்ட திட்டுவ. எங்கள மட்டும் வுட்டுட்டானுங்களா? நாங்கோ இன்னா பாவம் பண்ணோம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் சிரித்தது அது ஒன்றுதான்.

வீடியோவுக்குக் கீழே பாதிப்பேர் வாழ்த்தியிருந்தார்கள். மீதிப்பேர் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டிருந்தார்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரே ஒரு வரி: 'இவர் எங்க ஏரியா. பொண்ணு கல்யாணம் மட்டும் சர்ச்சுல. ஓலை வாசிக்கிறாங்க. கேவலம்.' தெரிந்தவன் எழுதியது. யார் என்று இன்றுவரை தெரியாது.

இரண்டாவது ஞாயிறு எங்கள் சர்ச்சில் ஓலை வாசித்தார்கள். ஆற்காட்டில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அன்று மதியம் ஆயர் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"அண்ணே, நீங்க வராதது எனக்கு ஒரு பிரச்சனையே இல்ல. வராதவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. வர்றவங்கள்ல நம்பாதவங்களும் இருக்காங்க, எனக்குத் தெரியாதா? ஆனா அதை வெளிய சொல்லிட்டீங்களே."

"சொல்லாம இருந்தா நான் நல்லவனா?"

"சொல்லாம இருந்தா ஓலை நின்னிருக்காதுண்ணே."

இத்தனை வருஷமாக நான் டீ குடித்ததைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன், அவர்களுடையதும் என்னுடையதும். அது நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அவர்கள் கொடுத்த இடம்.

மனைவி சமையலறையில் நின்று அழுதாள். "உங்களை நான் ஒரு நாளாவது வான்னு கூப்பிட்டிருக்கேனா? ஒரே ஒரு கல்யாணம். அது வரைக்கும் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றாள். நியாயம்தான்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையின் அப்பா வந்தார். ரிட்டையர்டு வாத்தியார், அவர்கள் சர்ச்சில் கமிட்டி மெம்பர். மரியாதையான மனுஷர். ஒரு தாளை எடுத்து வைத்தார். அழகான கையெழுத்து. 'நான் பேசியதைத் திரித்து வெளியிட்டுள்ளனர். நான் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை என் சொந்த இரட்சகராக விசுவாசிக்கிறேன்.' இரண்டே வரி.

"சம்மந்தி, எனக்கு உங்க மேல ஒண்ணும் கோவம் இல்ல. கமிட்டில நாலு பேரு கேக்குறாங்க. இதை வாசிச்சுட்டா ரெண்டாவது, மூணாவது ஓலையைச் சேர்த்தே வாசிக்கிறேன்னு அங்க ஆயர் சொல்லிட்டாரு. பிள்ளைங்க நல்லா இருக்கணும், அவ்வளவுதான்."

முதல் வரி முழு உண்மை. இரண்டாவது முழுப் பொய். முதல் வரியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினார். மகள் அப்போது வீட்டில் இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனி லேபில் வேலை. சாயந்திரம் ஆறரைக்கு வருவாள். மணி நான்கு. அவள் வரும் வரை இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அவள் கல்யாணம் நிற்கக் கூடாது. என்னால் நிற்கக் கூடாது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மகளிடம் யாரும் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவாள் என்று நானே மனைவியிடம் சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு இரண்டு சர்ச்சிலும் ஓலை முடிந்ததும் அந்தத் தாளை வாசித்தார்கள். ஸ்பீக்கர் சத்தம் டீக்கடை வரைக்கும் வரும். என் பெயரைச் சொல்லி, நான் விசுவாசிக்கிறேன் என்று ஆயர் வாசிக்க, நான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு ரேடியோவைக் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணினார்.

ஆராதனை முடிவதற்கு முன்பே மகள் வெளியே வந்தாள். ரோட்டைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

"அது நீங்க போட்ட கையெழுத்தாப்பா?"

"ஆமாம்மா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன் கல்யாணம்…"

"என் கல்யாணம்தான? ஓலை நின்னா ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிடலாம்னு நானும் அவரும் அந்த ஞாயித்துக்கிழமையே பேசிட்டோம். அவங்க அப்பாவை அவரு பார்த்துக்குறேன்னாரு. அந்த மாதிரி கடிதம்லாம் கேப்பாங்கன்னு அவரு சொன்னாரு. எங்கப்பா செத்தாலும் போட மாட்டாருன்னு நான் சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லலயேம்மா."

"நீங்க போட மாட்டீங்கன்னு நெனச்சேன். அதை எதுக்குச் சொல்லணும்?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஆராதனை முடிந்து மனைவி வந்ததும் ஸ்கூட்டரில் மூன்று பேரும் ஏறி வீட்டுக்கு வந்தோம்.

அந்தத் தாளை யாரோ போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டார்கள். இரண்டே நாளில் அதே சேனல் இன்னொரு வீடியோ போட்டது. 'மிரட்டலுக்குப் பணிந்த நாத்திகர்!' இந்த முறை நான் பேசவே இல்லை. பழைய நீலச் சட்டை, பழைய கோபுரம். என்னை யாரும் மிரட்டவில்லை. என் சம்மந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதைச் சொன்னால் எந்தச் சேனல் போடும்? நம்பாதவனைப் பற்றி இந்த ஊருக்குத் தெரிந்தது இரண்டே கதை. கத்துகிறவன் ஒன்று, மண்டியிட்டவன் ஒன்று. இரண்டு வாரத்துக்குள் நான் இரண்டுமாக ஆனேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சர்ச்சில் ஒத்திகை. யார் எங்கே நிற்பது, யார் பெண்ணைக் கூட்டி வருவது என்று ஆயர் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் முறையில், இந்தப் பெண்ணை விவாகம் செய்து கொடுப்பவர் யார் என்று ஆயர் கேட்பார். அப்பா பதில் சொல்லி, பெண்ணின் கையை எடுத்துக் கொடுப்பார். அதற்காக ஒரு சட்டை தைத்து வைத்திருந்தேன்.

"அப்பா இங்க நிக்கணும்" என்றார் ஆயர்.

"அம்மா நிக்கட்டும் ஆயரே" என்றாள் மகள்.

ஆயர் என்னைப் பார்த்தார். மனைவி அவளைப் பார்த்தாள்.

"ஏம்மா?" என்றேன்.

"கடவுள் சந்நிதியிலன்னு ஆரம்பிச்சுக் கேப்பாரு. அதுக்கு நீங்க பதில் சொல்ல வேணாம்பா. ஒரு தடவை சொன்னது போதும்."

அது கோபத்தில் சொன்னதா, என்னைக் காப்பாற்றச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள்.

மறுநாள் முதல் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன். அந்தச் சர்ச்சுக்குள் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றுதான், முப்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம். ஆயர் கேட்டார். "நான் கொடுக்கிறேன்" என்றாள் என் மனைவி, வார்டில் பேஷண்டைக் கூப்பிடுகிற குரலில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி. பின்னாலிருந்து யார் யாரோ என்னை எட்டிப் பார்ப்பது தெரிந்தது. இரண்டு பேர் போனில் என்னைத்தான் படம் எடுத்தார்கள், பெண்ணை அல்ல.

மகள் தன் கையை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். நான் என் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.