பிரவுசரை மூடாதீர்கள்

ஒரகடத்தில், காருக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் நான் கம்ப்யூட்டர் ரூம் ஆள். இரண்டாயிரத்து நாலுக்குப் பிறகு வந்த நாலைந்து வருஷம் அங்கேதான் போச்சு. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஃபேன் ஓடாவிட்டாலும் என்னைத்தான். ஃபேனுக்கும் எனக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

புதிதாகச் சேருகிறவர்களுக்காக நான் ஒரு வெப் பக்கம் செய்திருந்தேன். அதில் பன்னிரண்டு வீடியோ பாடம். பார்த்து முடித்துக் கேள்விக்குப் பதில் போட்டால் மார்க் சென்னை ஆபீஸ் சர்வருக்குப் போய்விடும். அப்போதெல்லாம் வெப் பக்கத்துக்குத் தானாக வீடியோ ஓட்டத் தெரியாது. தனியாக ஒரு பிளேயரைக் கொண்டுவந்து நடுவில் ஒட்டவைக்க வேண்டும். படம் முடிந்ததா, பாதியில் நின்றதா என்று அது பக்கத்துக்கு ஒழுங்காகச் சொல்லவும் சொல்லாது. அதைவிடப் பெரிய தொல்லை, பதில்களை அந்தக் கம்ப்யூட்டரிலேயே எடுத்துவைக்கப் பக்கத்துக்கு இடம் கிடையாது. நெட் போனால் எல்லாம் திறந்திருக்கும் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். மூடினால் போச்சு. அதனால் 'நெட் வரும்வரை பிரவுசரை மூடாதீர்கள்' என்று மார்க்கரில் எழுதி மானிட்டருக்கு மேலே ஒட்டினேன். என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான்.

பிரவுசர் செய்கிறவர்கள் கூடிப் பேசும் மெயில் குழு ஒன்று இருந்தது. வெப் பக்கத்துக்கு இனி என்னென்ன தெரிய வேண்டும் என்று அங்கேதான் விதி எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் எழுதினேன்: வீடியோ முடிந்தால் பக்கத்துக்குத் தெரிய வேண்டும், பதில்களை எடுத்துவைக்கப் பிரவுசருக்குள்ளேயே சின்னதாக ஒரு டேட்டாபேஸ் வேண்டும். மறுநாளே பதில் வந்தது. நல்ல யோசனையாம்! தரையில் கால் நிற்கவில்லை எனக்கு. அப்புறம் ஆரம்பித்தார்கள் பாருங்கள், அந்த டேட்டாபேஸ் அட்டவணையாக இருக்க வேண்டுமா, வெறும் பெயரும் மதிப்புமாகப் போதுமா, எவ்வளவு இடம் தரலாம், பயன்படுத்துகிறவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று. மாசக்கணக்கில் ஓடியது. நானும் ஒரு கையில் சோறும் ஒரு கையில் கீபோர்டுமாக மல்லுக்கு நின்றேன்.

அந்தச் சமயத்தில்தான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெண் டிரெய்னியாக வந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரே ரூமில் ஆறு பேராகத் தங்கியிருந்தார்கள். "வேலை நெரந்தரம் ஆவலைன்னா வீட்ல அடுத்த மாசமே கல்யாணத்த முடிச்சிருவாவ அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். மாப்பிள்ளை யார் என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். நடுவில் அம்மை போட்டுப் பத்து நாள் வரவில்லை. அதனால் கடைசி மூன்று பாடம் கடைசி நாளுக்கு வந்து நின்றது. அன்று சாயங்காலத்தோடு கெடு முடியும்; மறுநாள் சர்வருக்கு வந்திருக்கும் மார்க்கைப் பார்த்து, நிரந்தரம் ஆகிறவர்கள் லிஸ்ட்டை மூடிவிடுவார்கள். அதில் பெயர் இல்லாதவர் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

அன்றைக்கென்று பார்த்து, ரோட்டை அகலப்படுத்தத் தோண்டினவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். நெட் இல்லை. பாடமெல்லாம் காலையிலேயே பக்கத்தில் வந்து இறங்கிவிட்டதால் அவள் உட்கார்ந்து முடித்தாள். நான் பின்னால் நின்று பார்த்தேன், ஒரு பதில்கூடத் தப்பில்லை. அதற்குள் அடுத்த பில்டிங்கில் பிரிண்டர் கூப்பிட்டது.

திரும்பி வந்தபோது ஷிஃப்ட் பெல் அடித்திருந்தது. மேஜை பளபளவென்று இருந்தது. கீபோர்டைத் துடைத்து, நாற்காலியை உள்ளே தள்ளி, கம்ப்யூட்டரையும் அணைத்திருந்தாள். பையோடு கிளம்பியவளை வாசலில் மடக்கினேன்.

"ஐயோ, இன்னாம்மா பண்ணிவச்சே! மேல எழுதி ஒட்டியிருக்கேனே, பாக்கலையா?"

"பாத்தேன் அக்கா. பாடம் முடிஞ்சிட்டுல்லா? அடுத்த ஷிஃப்டுக்கு நம்ம இடத்துல ஒண்ணும் மிச்சம் வைக்காம தொடச்சுக் குடுக்கணும்னு சார் சொன்னாவல்லா..."

முதல் வாரம் முழுக்க அதைத்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். சொன்னதைச் செய்தவளை எந்த வாயால் திட்டுவது?

ஆள் எடுக்கும் அதிகாரியிடம் ஓடினேன். நல்ல மனுஷர்தான், படப்பைக்காரர்.

"சார், நான் கண்ணால பாத்தேன். எல்லாம் கரெக்டா போட்டா."

"நீ பாத்தது சரிம்மா. சிஸ்டத்துல இன்னா கீது? அத்த சொல்லு."

"சிஸ்டமே நான் எழுதுனதுதான் சார்!"

"அப்போ அத்த நம்பித்தானே ஆவணும்?"

மார்க்கை நானே கையால் ஏற்றிவிடட்டுமா என்று மெல்லக் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏத்துனா உன்னையும் அனுப்பிடுவாங்க. நான் காதுல வாங்கல, போம்மா."

சர்வர் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். கேபிள் சரியானதும் இரண்டு நிமிஷ வேலை. நான் செய்யவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிவிடப் போனேன். "விடுங்கக்கா, நான்தான மூடுனேன்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். மூடினால் அழிகிற மாதிரி செய்துவைத்தவள் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத்தான் ஜன்னல் வழியாக நீட்டினேன்.

திங்கட்கிழமை மெயில் குழுவுக்கு நடந்ததை எழுதினேன், அவள் லிஸ்ட் மூடும்வரை வாசலில் நின்றதுவரை. மிகப் பொருத்தமான உதாரணம் என்று நன்றி சொன்னார்கள். சில வாரம் கழித்து, உள்ளேயே டேட்டாபேஸ் வைக்கும் விதியின் வரைவு வந்தது. ஏன் இது வேண்டும் என்ற பகுதியில் அவள் இருந்தாள்: தொழிற்சாலையில் ஒரு டிரெய்னி, நெட் இல்லை, பாடத்தை முடிக்கிறாள், பிரவுசரை மூடுகிறாள். மறுநாள் நெட் வந்ததும் மார்க் தானாகப் போய்ச் சேர்கிறது, அவள் வேலையில் தொடர்கிறாள்.

இதில் திருத்தம் ஏதாவது உண்டா என்று என்னைக் கேட்டிருந்தார்கள். இல்லை, சரியாக இருக்கிறது என்று பதில் போட்டேன்.