பூட்டனின் உத்தியோகம்

இன்று மத்தியானம் இத்தாலியின் பலெர்மோ நகரில், வியா மக்வேதா தெருத் தொலைபேசிக் கடையில் சிவம் அண்ணை ஆங்கிலத்தில் வந்த ஒரு ஃபக்ஸைத் தந்து வாசிக்கச் சொன்னார். கோலாலம்பூர்ச் சொந்தக்காரர் ஒரு பழைய வேலைப் பதிவைத் தேடியெடுத்து அனுப்பியது.

அண்ணையின் பூட்டன் போன நூற்றாண்டில் எங்கள் ஊரிலிருந்து முதன்முதலாக மலாயா போனவர். ஸ்டேசன் மாஸ்டராம். அண்ணையின் மகளின் கலியாணப் பேச்சே அந்த உத்தியோகத்தில்தான் நிற்கிறது.

"துரை வீட்டுச் சமையல்காரன் எண்டு பதிவிலை கிடக்கு, அண்ணை."

"விசர்க்கதை கதையாதை. ஸ்டேசன் மாஸ்டர் எண்டு தன்ரை கையாலை ஊருக்கு எழுதின கடிதம் வீட்டிலை இருக்கு."

நான் ஃபக்ஸை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரை மீன் உணவகத்தில் கோப்பை கழுவும் அண்ணையும், பலெர்மோவில் ஹோட்டல் மனேச்சர் என்று தன் கையால்தான் ஊருக்கு எழுதுகிறார்.

நீங்கள் ஊருக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? நான் வங்கியில் வேலை என்று எழுதினேன். விளக்குமாற்றைப் பற்றி எழுதத் தாளில் இடம் போதவில்லை.